செவிலியர் பராமரிப்பு இல்லங்களின் தரமதிப்பீடு: காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளின் நோக்கில்

ஆய்வுச் சுருக்கம்

முதுமையாலும் நோயாலும் தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாதவர்கள் தங்கிவாழும் செவிலியர் பராமரிப்பு இல்லங்களின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இத்துறையில் நெடுங்காலப் பட்டறிவும் பொதுவெளியில் கிடைக்கும் தரவுகளும் கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டு முறை சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அம்முறை பயன்படுத்தும் சான்றுகள் காட்சி, கருதல், உரை என்னும் தமிழ் அளவையியல் பகுப்பின்படி வகைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றின் நம்பகத்தன்மையும் ஆராயப்படுகிறது. மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அதற்கான சான்றை அளித்தவர் யார் என்று கேட்பதே தரமதிப்பீட்டின் முதற்படி என்பதும், இல்லத்தில் வாழ்பவரின் சொல் இம்முறையில் உரிய இடம் பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: செவிலியர் பராமரிப்பு இல்லம், தரமதிப்பீடு, அளவை, ஐந்து நட்சத்திர முறை, பணியாளர் நேரம், இல்லவாசியின் சொல்.

முன்னுரை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து கவனிப்பவரையும் அது ஓர் உறுப்பாக எண்ணுகிறது. குணப்படுத்துவதைவிடப் பேணுவதே முதன்மையாகிவிட்ட முதுமைக் காலத்தில் இந்த நான்காம் உறுப்பே பிற மூன்றினும் பெரிதாகிறது. குளிப்பாட்டல், உணவூட்டல், திருப்பிப் படுக்கவைத்தல், கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகிய பணிகளின் செம்மையே முதியவர் ஒருவரின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இப்பணிகளை உறவினர் அல்லாத பிறரிடம் ஒப்படைக்கும்போது, அவை செவ்வனே நடைபெறுகின்றனவா என்பதை அறிவது எப்படி என்னும் வினா எழுகிறது. அறிய வேண்டியவர்கள் அங்கு இருப்பதில்லை. அங்கு இருப்பவர்களுள் பலர் சொல்ல இயலாதவர்கள். தரமதிப்பீட்டின் அருமையும் தேவையும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

கலைச்சொல் பற்றிய தெளிவு முதலில் வேண்டப்படுகிறது. தமிழகப் பேச்சுவழக்கில் 'நர்சிங் ஹோம்' என்பது படுக்கை வசதியுள்ள சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கிறது. 'முதியோர் இல்லம்' என்பது பெரும்பாலும் உண்டி, உறையுள் ஆகியவற்றை வழங்கும் தங்குமிடத்தைக் குறிக்கிறது. அமெரிக்காவில் 'நர்சிங் ஹோம்' எனப்படுவது இவ்விரண்டினும் வேறானது. அது நாள் முழுவதும் செவிலியர் கவனிப்பு வழங்கும் உறைவிடம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் தங்கி உடல்தேறிச் செல்வோரும், வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழிப்போரும் அதில் உள்ளனர். இப்பொருளில் 'செவிலியர் பராமரிப்பு இல்லம்' என்னும் தொடர் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. அங்கு வாழ்வோர் 'இல்லவாசிகள்' எனப்படுகின்றனர்.

சட்டப் பின்னணி

அமெரிக்காவில் ஏறத்தாழ 15,000 செவிலியர் பராமரிப்பு இல்லங்களில் சுமார் 12 இலட்சம் பேர் வாழ்கின்றனர். 1965இல் மெடிகேர், மெடிகெய்ட் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் தோன்றியபின் இவ்வில்லங்களின் வருவாயில் பெரும்பகுதி பொதுப்பணமாயிற்று. பொதுப்பணம் பெறும் நிறுவனம் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கருத்தும் உடன் வளர்ந்தது. 1986இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை இல்லங்களில் நிலவிய குறைகளை விரிவாக எடுத்துரைத்தது. அதனைத் தொடர்ந்து 1987இல் செவிலியர் இல்லச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வோர் இல்லவாசியும் உடல், உள்ளம், சமூக உறவு ஆகியவற்றில் தமக்கு இயன்ற மிக உயர்ந்த நிலையை அடையவும் அதில் நிலைபெறவும் உரிய கவனிப்பை அளிப்பது இல்லத்தின் கடமை என அச்சட்டம் வரையறுத்தது.

1998 முதல் இல்லங்களைப் பற்றிய தகவல்கள் இணையத்தில் வெளியிடப்பட்டன. 2008 டிசம்பரில் ஒவ்வோர் இல்லத்திற்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. மெடிகேர் மற்றும் மெடிகெய்ட் சேவைகள் மையம் என்னும் நடுவண் அரசு நிறுவனம் இதனை நடத்துகிறது. தாய் தந்தையருக்கு இல்லம் தேடும் குடும்பங்கள் மிகக் குறுகிய காலத்தில், பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாள் நெருங்கிய நிலையில், முடிவெடுக்க வேண்டியுள்ளது. அவர்களுக்கு இந்நட்சத்திரங்களே முதல் வழிகாட்டியாக அமைகின்றன. எனவே அவை எதனால் ஆனவை என்பதை ஆராய்வது இன்றியமையாததாகிறது.

தரம்: அமைப்பு, செயல்முறை, விளைவு

மருத்துவத் தரத்தை மதிப்பிடுவதற்கான அடிப்படைச் சட்டகத்தை அவேடிஸ் டொனபேடியன் 1966இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்தளித்தார். அமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்று நிலைகளில் தரத்தைக் காணலாம் என்பது அவர் கருத்து. பணியாளர் எண்ணிக்கை, அவர்தம் பயிற்சி, கட்டடம், கருவிகள் ஆகியவை அமைப்பு. நாள்தோறும் செய்யப்படும் கவனிப்புச் செயல்கள் செயல்முறை. அவற்றால் இல்லவாசியின் உடல்நலத்திலும் வாழ்விலும் நேரும் மாற்றம் விளைவு.

படுக்கைப்புண் இதற்குத் தக்க சான்று. தாமே அசைய இயலாதவர் ஒரே நிலையில் நெடுநேரம் கிடந்தால் எலும்பு துருத்திய இடங்களில் தோலுக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்பட்டுப் புண் தோன்றுகிறது. போதிய செவிலிய உதவியாளர்கள் இருப்பது அமைப்பு. உரிய இடைவெளியில் அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும், தோலை நாள்தோறும் பார்ப்பதும், ஈரத்தை அகற்றுவதும், ஊட்டமான உணவு தருவதும் செயல்முறை. புண் தோன்றாதிருப்பது விளைவு.

இம்மூன்றும் ஒரு தொடரின் கண்ணிகளே ஆயினும், ஒன்றைக் கண்டு மற்றொன்றை உறுதியாகக் கூறிவிட முடியாது. பணியாளர் நிறைந்த இல்லத்திலும் கவனக்குறைவு நேரலாம். கவனிப்பு செம்மையாக இருந்தும் இறுதிக்கட்ட நோயாளி ஒருவருக்குப் புண் தோன்றலாம். மிகவும் நலிந்தவர்களை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் இல்லத்தில் புண்களின் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியலாம். ஆகவே விளைவுகளை ஒப்பிடுவதற்கு முன், இல்லவாசிகளின் தொடக்க உடல்நிலை வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு எண்களைச் சரிசெய்ய வேண்டியுள்ளது. இச்சரிசெய்தல் இல்லாத ஒப்பீடு நலிந்தோரை ஏற்கும் இல்லத்தைத் தண்டிப்பதாகவும், அவர்களைத் தவிர்க்கும் இல்லத்தைப் பாராட்டுவதாகவும் முடியும்.

அளவை என்னும் சொல்லும் மூவகைச் சான்றுகளும்

டொனபேடியனின் சட்டகம் எதை அளப்பது என்பதைக் கூறுகிறது. அளந்தறிந்ததை எதனால் நம்புவது என்பது வேறு வினா. தமிழில் 'அளவை' என்னும் சொல் அளத்தலையும், மெய்யான அறிவைப் பெறும் கருவியையும் ஒருசேரக் குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது. மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். சிவஞான சித்தியாரும் அளவை பற்றிய பகுதியோடு தொடங்குகிறது. அளவைகளுள் தலைமையானவையாகச் சைவ சித்தாந்தம் கொள்பவை காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றாகும். நேரே காண்பது காட்சி. கண்ட அடையாளத்திலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை.

மெய்ப்பொருளை அறிதற்கு வகுக்கப்பட்ட இப்பகுப்பைப் பராமரிப்பு இல்லங்களுக்குப் பொருத்துவது ஓர் ஒப்புமை மட்டுமே. எனினும் அமெரிக்க முறையின் மூன்று கூறுகளாகிய நேராய்வு, பணியாளர் நேரம், தர அளவீடுகள் ஆகியவற்றின் அறிவுநிலை வேறுபாட்டை அது தெளிவாகக் காட்டுகிறது.

காட்சி: நேராய்வு

மாநில அரசின் அலுவலர் குழு ஒவ்வோர் இல்லத்திற்கும் முன்னறிவிப்பின்றிச் சென்று சில நாட்கள் தங்கி ஆராய்வது நேராய்வு எனப்படும். ஒரு நேராய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 திங்களுக்கு மேல் ஆகக்கூடாது. மாநில அளவில் சராசரி இடைவெளி 12 திங்களுக்கு மிகக்கூடாது என்பது விதி. முறையீடுகள் வரும்போது தனியாய்வும் நடத்தப்படும். அலுவலர்கள் உணவு பரிமாறப்படுவதையும் மருந்து கொடுக்கப்படுவதையும் பார்க்கின்றனர், சமையற்கூடத்தை நோக்குகின்றனர், இல்லவாசிகளோடும் குடும்பத்தாரோடும் பேசுகின்றனர், மருத்துவக் குறிப்பேடுகளைப் படிக்கின்றனர்.

கண்ட குறை ஒவ்வொன்றும் ஏ முதல் எல் வரையிலான 12 எழுத்துகளுள் ஒன்றைப் பெறும். கேட்டின் கடுமை நான்கு படிகளாகவும், அது ஒருவரோடு நின்றதா, சிலரிடம் காணப்பட்டதா, இல்லம் முழுவதும் பரவியதா என்னும் பரப்பு மூன்று படிகளாகவும் கொள்ளப்பட்டு இவ்வெழுத்துகள் அமைகின்றன. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து விளைவிக்கும் குறைகள் ஜே, கே, எல் என்னும் இறுதி மூன்று எழுத்துகளைப் பெறும்.

பயிற்சி பெற்ற, இல்லத்தைச் சாராத ஒருவர் நேரில் கண்டது என்பதே இச்சான்றின் வலிமை. ஆயினும் காட்சிக்கும் வரம்புகள் உள்ளன. முதலாவது, அது ஆண்டில் சில நாட்களின் காட்சி. நள்ளிரவும் வார இறுதியும் பெரும்பாலும் அதற்குள் அடங்குவதில்லை. இரண்டாவது, கடுமையான குறைகள் குறைத்து மதிப்பிடப்படுகின்றன. மாநில அலுவலர்கள் ஆராய்ந்த இல்லங்களை நடுவண் அலுவலர்கள் மீண்டும் ஆராய்ந்தபோது கடுமையான குறைகள் விடுபட்டிருந்ததை அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2008ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. மூன்றாவது, நேராய்வு நட்சத்திரம் மாநிலத்துக்குள் ஒப்பிட்டுத் தரப்படுவது. ஒவ்வொரு மாநிலத்திலும் முதல் 10 விழுக்காட்டு இல்லங்கள் ஐந்து நட்சத்திரமும், கடைசி 20 விழுக்காட்டு இல்லங்கள் ஒரு நட்சத்திரமும் பெறுகின்றன. எஞ்சிய 70 விழுக்காடு ஏனைய மூன்று படிகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படுகிறது. எனவே ஒரு மாநிலத்தின் நான்கு நட்சத்திரமும் மற்றொரு மாநிலத்தின் நான்கு நட்சத்திரமும் ஒன்றல்ல. ஒரு மாநிலத்தின் எல்லா இல்லங்களும் ஒருசேரத் தாழ்ந்தாலும் அவற்றுள் பத்தில் ஒன்று ஐந்து நட்சத்திரம் பெற்றுக்கொண்டே இருக்கும்.

கருதல்: ஊதியப் பதிவிலிருந்து உய்த்துணர்தல்

இரண்டாம் கூறு பணியாளர் நேரம். ஒரு நாளில் செவிலியரும் உதவியாளரும் பணியாற்றிய மொத்த நேரத்தை இல்லவாசிகளின் எண்ணிக்கையால் வகுத்து, 'ஒருவருக்கு ஒரு நாளில் இத்தனை மணி நேரம்' எனக் கணக்கிடுகின்றனர். இல்லவாசிகளின் நோய்நிலைக்கேற்ப இவ்வெண் சீராக்கப்படுகிறது.

தொடக்கத்தில் இத்தகவல் நேராய்வையொட்டிய இரு வார காலத்திற்கு மட்டும், இல்லமே நிரப்பித் தரும் படிவத்தின்வழிப் பெறப்பட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆணைப்படி 2016 முதல் ஊதியப் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்ட நாள்வாரிக் கணக்கு மின்வழியில் பெறப்படலாயிற்று. 2018 முதல் நட்சத்திரக் கணக்கில் அதுவே பயன்படுகிறது. ஊதியப் பதிவேடு தணிக்கைக்கு உட்படுவது; ஊதியம் பெறாத பணியாளரை அதில் காட்டுவது எளிதன்று. இம்மாற்றத்தின் பயன் உடனே புலப்பட்டது. பல இல்லங்களில் சனி, ஞாயிறு நாட்களில் பணியாளர் எண்ணிக்கை சரிவதை ஆய்வாளர்கள் கண்டனர். பழைய படிவத்தில் இவ்வேற்றத்தாழ்வு தெரிந்ததில்லை. 2022 முதல் வார இறுதிப் பணியாளர் நேரமும், பணியாளர் விலகும் வீதமும் மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டன. இவ்விலகல் வீதம் எத்தகையது என்பதை 2021இல் ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது: செவிலியப் பணியாளர்களின் ஆண்டு விலகல் வீதம் இல்லங்களுக்கிடையே சராசரியாக 128 விழுக்காடு, நடு மதிப்பு 94 விழுக்காடு. இல்லவாசியின் பழக்கமும் விருப்பமும் அறிந்த கை ஓராண்டுக்குள் மாறிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

மணிக்கணக்கின் உண்மைப் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 2024இல் நடுவண் அரசு அறிவித்த விதி ஒருவருக்கு நாளொன்றுக்கு மொத்தம் 3.48 மணி நேரமும், அதில் செவிலிய உதவியாளரின் நேரமாக 2.45 மணியும் வேண்டும் என்றது. 30 பேர் வாழும் பகுதி ஒன்றில் இது 73.5 மணி நேரமாகும். எட்டு மணி நேரப் பணிமுறையாகப் பகுத்தால் ஏறத்தாழ ஒன்பது பணிமுறைகள். காலையில் நால்வர், மாலையில் மூவர், இரவில் இருவர் எனப் பங்கிட்டால், காலையில் ஓர் உதவியாளருக்கு ஏழெட்டுப் பேரும், மாலையில் 10 பேரும், இரவில் 15 பேரும் அமைவர். காலையில் எழுப்பல், கழிவறை, குளியல், உடை, சிற்றுண்டி ஆகிய அனைத்தையும் ஏழெட்டுப் பேருக்கும் ஒருவரே செய்ய வேண்டும். இவ்வளவேனும் இருக்கட்டும் என்ற அவ்விதியையும் 2025இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று செல்லாது என்று தீர்ப்பளித்தது. நெடுநாள் தங்குவோருக்குக் கேடு நேராதிருக்க நாளொன்றுக்கு 4.1 மணி நேரம் தேவை என 2001இலேயே அரசுக்காக நடத்தப்பட்ட ஆய்வு கண்டிருந்தது.

எனினும் இது கருதலே, காட்சியன்று. பணியாளர் இருந்தனர் என்பதைப் பதிவேடு சொல்லும். அவர்கள் முகம் சுளிக்காமல் கவனித்தனரா என்பதைச் சொல்லாது. ஆயினும் ஆள் இல்லாத இடத்தில் கவனிப்பு இல்லை என்னும் எதிர்மறை முடிபை அது உறுதியாகத் தருகிறது. புகை கண்டு நெருப்பை உணர்வது போலவே, விறகே இல்லாத அடுப்பைக் கண்டு சமையல் இல்லை என்றும் உணரலாம்.

உரை: இல்லம் தன்னைப் பற்றிக் கூறுவது

மூன்றாம் கூறு தர அளவீடுகள். படுக்கைப்புண், பெருங்காயம் விளைவித்த வீழ்ச்சி, சிறுநீர்ப் பாதைத் தொற்று, மனநோய் மருந்துகளின் பயன்பாடு, அன்றாடச் செயல்களைச் செய்யும் ஆற்றலின் சரிவு முதலியவை இதில் அடங்கும். மருத்துவமனையில் மீண்டும் சேர்க்கப்படுதல் போன்ற சில அளவீடுகள் காப்பீட்டுக் கோரிக்கைகளிலிருந்து பெறப்படுகின்றன. பெரும்பாலானவை 'குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பு' எனப்படும் மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. இல்லவாசி சேரும்போதும், பின்னர் மூன்று திங்களுக்கு ஒருமுறையும், உடல்நிலையில் பெருமாற்றம் நேரும்போதும் இல்லப் பணியாளரே இப்படிவத்தை நிரப்புகின்றனர். அதாவது, இது இல்லம் தன்னைப் பற்றித் தானே கூறும் உரை.

உரை அளவையாவதற்கு உரைப்பவர் நம்பத்தக்கவராக இருத்தல் வேண்டும் என்பது அளவையியலின் நிபந்தனை. சொல்லின் விளைவால் பயனடைபவரின் சொல்லை அவ்வாறே ஏற்பதில் இடர் உண்டு. இதனை இரு சான்றுகள் உறுதிசெய்கின்றன.

முதற்சான்று வீழ்ச்சி பற்றியது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்காயத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இல்லவாசிகளின் காப்பீட்டுக் கோரிக்கைகளை இல்லங்களின் படிவங்களோடு ஒப்பிட்டனர். அவ்வீழ்ச்சிகளுள் 57.5 விழுக்காடு மட்டுமே படிவங்களில் பதிவாகியிருந்தன. எலும்பு முறிந்து மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகளிலேயே இத்தகைய விடுபாடு இருக்குமாயின், வீழ்ச்சி குறைவு என்று காட்டும் இல்லத்தில் வீழ்ச்சி குறைவா, பதிவு குறைவா என்று பிரித்தறிய இயலாது.

இரண்டாம் சான்று மனநோய் மருந்துகள் பற்றியது. மறதி நோயுற்ற முதியோருக்கு இம்மருந்துகளைக் கொடுப்பதால் இறப்பு இடர் கூடுகிறது என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2005இல் மிகக் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. அமைதியின்றி அலையும் ஒருவரை அடக்கிவைக்க மருந்து எளிய வழி என்பதால், அதன் பயன்பாட்டு வீதம் தர அளவீடுகளுள் ஒன்றாயிற்று. ஆனால் மனச்சிதைவு நோய் உடையவர்களுக்கு இம்மருந்து தேவைப்படக்கூடும் என்பதால் அவர்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டனர். இவ்விலக்கே வாயிலாயிற்று. பெரும்பாலும் இளமையில் தோன்றும் இந்நோய், முதியோர் பலருக்கு இல்லங்களில் புதிதாகக் குறிக்கப்பட்டது. 2021இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதனை வெளிக்கொணர்ந்தது. 2023இல் நடுவண் மையம் இந்நோய்க்குறிப்புகளைத் தணிக்கை செய்யத் தொடங்கி, தவறிழைத்த இல்லங்களின் தர அளவீட்டு நட்சத்திரத்தை ஒன்றாகக் குறைக்கும் நடவடிக்கையை அறிவித்தது. பொய்யாகக் குறிக்கப்பட்ட நோய்ப்பெயர் தாளோடு நிற்பதில்லை. அம்முதியவரின் மருத்துவ வரலாற்றோடு அது தொடர்ந்து செல்கிறது.

மூன்று சான்றுகள் ஓர் எண்ணாகும் முறை

மொத்த நட்சத்திரம் கணக்கிடப்படும் முறை கூட்டலும் கழித்தலுமாகும். நேராய்வு நட்சத்திரம் அடித்தளம். பணியாளர் கூறு ஐந்து பெற்றால் ஒன்று கூடும். ஒன்று பெற்றால் ஒன்று குறையும். தர அளவீட்டுக் கூறுக்கும் இவ்வாறே. எடுத்துக்காட்டாக, நேராய்வில் மூன்று நட்சத்திரமும், பணியாளர் கூறில் மூன்றும், தர அளவீட்டில் ஐந்தும் பெற்ற இல்லம் மொத்தத்தில் நான்கு நட்சத்திரம் பெறுகிறது. அலுவலர் கண்ணால் கண்டதும் ஊதியப் பதிவு காட்டியதும் அதனை நடுத்தரம் என்கின்றன. பெருமளவும் தன்னுரையால் ஆன கூறு அதனை ஒரு படி உயர்த்திவிடுகிறது. நேராய்வில் நான்கும் பணியாளர் கூறில் நான்கும் தர அளவீட்டில் மூன்றும் பெற்ற மற்றோர் இல்லமும் அதே நான்கைப் பெறுகிறது. மொத்த எண்ணை மட்டும் காண்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றே. எந்தச் சான்றிலிருந்து வந்தது என்னும் தகவல் மொத்த எண்ணில் மறைந்துவிடுகிறது.

இக்குறையைத் தணிக்கச் சில வேலிகள் அமைக்கப்பட்டுள்ளன. நேராய்வில் ஒரே நட்சத்திரம் பெற்ற இல்லம் ஒரு படிக்கு மேல் உயர முடியாது. 2019 முதல், இல்லவாசிகளுக்குக் கொடுமை இழைத்ததாகக் குறிக்கப்பட்ட இல்லங்களுக்கு எச்சரிக்கைச் சின்னம் இடப்படுவதோடு அவற்றின் நேராய்வு நட்சத்திரம் இரண்டுக்கு மேற்படாதவாறும் தடுக்கப்படுகிறது. காட்சிக்கு உரையினும் மேலிடம் தரும் ஒழுங்கு இவ்வேலிகளில் உள்ளுறையாக ஏற்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

விடுபட்ட உரை: இல்லவாசியின் சொல்

இல்லத்தின் உரைக்கு இடம் தந்த இம்முறை, இல்லவாசியின் உரைக்கு நட்சத்திரக் கணக்கில் தனிக் கூறு எதையும் வகுக்கவில்லை. நேராய்வின்போது சில இல்லவாசிகளிடம் பேசப்படுகிறது. 2010 முதல் மதிப்பீட்டுப் படிவத்திலும் வலி, மனச்சோர்வு, விருப்பங்கள் பற்றி அவர்களையே கேட்கும் பகுதிகள் சேர்க்கப்பட்டன. எனினும் கேட்பவர் இல்லப் பணியாளரே. இல்லவாசி, குடும்பத்தார் ஆகியோரின் அனுபவத்தைக் கேட்டறியும் செம்மைப்படுத்தப்பட்ட வினாநிரல்கள் அரசு நிறுவனங்களாலேயே உருவாக்கப்பட்டுள்ளன. ஆனால் அவை நாடு முழுவதும் கட்டாயமாக்கப்படவில்லை. அவற்றைப் பொதுமக்கள் காணும் தளத்தில் சேர்க்க வேண்டும் என 2022இல் வெளிவந்த அமெரிக்கத் தேசியக் கல்விக் கழகங்களின் அறிக்கை பரிந்துரைத்தது.

மறதி நோயுற்றவரின் சொல்லை எவ்வாறு நம்புவது என்பது இதற்கு எதிராக வழக்கமாக எழுப்பப்படும் தடை. மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோசலி கேன் மேற்கொண்ட ஆய்வுகள் இத்தடைக்கு விடையளித்தன. உடல் இதம், தன்னுரிமை, மாண்பு, தனிமை, உறவுகள், பொருளுள்ள செயல்பாடு, உணவின் சுவை, பாதுகாப்புணர்வு முதலிய வாழ்க்கைத் தரக் கூறுகளைப் பற்றி எளிய வினாக்களாகக் கேட்டபோது, நினைவாற்றல் ஓரளவு குன்றியவர்களுள் பலரும் பொருத்தமான விடை தந்தனர். நேற்று என்ன உண்டீர் என்பதை மறந்தவர்க்கும், இங்கு உம்மை மதிப்போடு நடத்துகிறார்களா என்னும் வினாவுக்கு விடை தெரியும். மின்னசோட்டா மாநிலம் 2006 முதல் வெளியிடும் இல்லத் தர அறிக்கையில் இல்லவாசிகளிடம் நேரில் கேட்டுப் பெற்ற மதிப்பீடும் ஒரு கூறாக உள்ளது. நேர்காண்பவர்கள் இல்லத்தைச் சாராதவர்கள்.

ஒரு மாநிலத்தில் நடைமுறையில் உள்ள ஒன்றை இயலாதது என்று கூற முடியாது. சொல்ல இயலாதவர் என்று கருதப்பட்டவர் உண்மையில் கேட்கப்படாதவராகவே இருந்திருக்கிறார்.

இந்தியச் சூழலுக்கான பயன்

இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோருக்கு இல்லங்கள் அமைப்பது பற்றியும், அவற்றின் நிருவாகத்திற்கும் சேவைகளுக்கும் தரநிலைகளை மாநில அரசு வகுக்கலாம் என்பது பற்றியும் பேசுகிறது. மக்கள்தொகை மதிப்பீடுகளின்படி 2021இல் தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 13.6 விழுக்காடு, கேரளத்தில் 16.5 விழுக்காடு. இல்லங்களின் தேவை பெருகும் காலத்தில் அவற்றை மதிப்பிடும் முறையும் வகுக்கப்பட வேண்டியிருக்கும். அப்போது அமெரிக்கப் பட்டறிவிலிருந்து கொள்ளத்தக்கவை மூன்று. அறை, கட்டில், கழிவறை ஆகியவற்றின் எண்ணிக்கையோடு மதிப்பீடு நின்றுவிடுதல் கூடாது. அவை அமைப்பின் ஒரு பகுதியே. பணியாளர் கணக்கை இல்லத்தின் வாய்மொழியிலிருந்து பெறாமல் ஊதியப் பதிவிலிருந்து பெறுதல் வேண்டும். இல்லவாசியிடம் பேசுபவர் அவ்வில்லத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும்.

குடும்பத்தாருக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். வரவேற்பறையில் சொல்லப்படுவது உரை. ஞாயிற்றுக்கிழமை மாலை உணவு வேளையில் முன்னறிவிப்பின்றிச் சென்று, அழைப்புமணி ஒலித்தபின் ஒருவர் வந்து சேர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பது காட்சி. இந்த இரவில் இந்தப் பகுதியில் பணியிலிருப்போர் எத்தனை பேர், அவர்களுள் ஓராண்டுக்கு மேல் இங்கிருப்போர் எத்தனை பேர் என்று கேட்டறிந்து முடிவுக்கு வருவது கருதல். தனித்திருக்கும்போது இல்லவாசி ஒருவரிடம் கேட்பது மீண்டும் உரை. ஆனால் அது பயன்கருதாதவரின் உரை.

முடிவுரை

செவிலியர் பராமரிப்பு இல்லத்தின் தரம் ஒற்றை எண்ணில் அடங்குவதன்று. அமெரிக்க நட்சத்திர முறையில் நேராய்வு காட்சியாகவும், பணியாளர் நேரம் கருதலாகவும், தர அளவீடுகள் பெரும்பாலும் இல்லத்தின் உரையாகவும் அமைகின்றன. காட்சி வலிமையுடையது, ஆனால் அரிதாக நிகழ்வது. கருதல் நாள்தோறும் கிடைப்பது. ஆனால் ஆளின் இருப்பைக் காட்டுமேயன்றி அன்பைக் காட்டாது. இல்லத்தின் உரை விரிவானது. ஆனால் உரைப்பவரின் பயனோடு பிணைந்தது. வீழ்ச்சிப் பதிவும் மனச்சிதைவுக் குறிப்பும் இதற்குச் சான்றுகள். இம்மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திச் சரிபார்க்கும்போதே மதிப்பீடு பயன் தருகிறது. கூட்டி ஓர் எண்ணாக்கும்போது அப்பயன் குறைகிறது.

இவற்றுக்கு அப்பால், அங்கு வாழ்பவரின் சொல் எஞ்சி நிற்கிறது. நாளின் 24 மணி நேரமும், ஆண்டின் எல்லா நாட்களும் அவ்வில்லத்தின் கவனிப்பைத் தம் உடலால் அறிபவர் அவர் ஒருவரே. அவருடைய சொல்லை முறையாகக் கேட்டுப் பதிவுசெய்யும் வழிகள் உள்ளன என்பது நிறுவப்பட்ட உண்மை. அவற்றைத் தரமதிப்பீட்டின் நடுவே கொண்டுவருவதே இத்துறையில் அடுத்துச் செய்ய வேண்டிய பணியாகும்.